டிக்ஸிட் விளையாடுறது எப்படி: கார்டு செய்யுறதுல இருந்து க்ளூ சொல்றது வரைக்கும்

லீவுக்கு எல்லாரும் ஒரே வீட்ல கூடினா எங்க வீட்ல முதல் நாள் சீட்டு, ரெண்டாவது நாள் கேரம், மூணாவது நாள் ஆளுக்கொரு மூலையில போனை நோண்டிக்கிட்டு உக்காந்துருப்போம். அதை மாத்துனது டிக்ஸிட்னு ஒரு ஆட்டம். சீட்டாட்டம் மாதிரி கணக்கு தெரியணும்னு இல்ல, கேரம் மாதிரி கை பழகி இருக்கணும்னு இல்ல, எழுதப் படிக்கக்கூட தெரிய வேண்டாம். எங்க அம்மாச்சிக்கு எழுபத்தஞ்சு தாண்டிருச்சு, எங்க எல்லாரையும் விட அவங்கதான் இதுல கில்லாடி. ரூல் சின்னது, பத்து நிமிஷத்துல சொல்லிடலாம், ஆனா நல்லா விளையாடுறதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு, அதைத்தான் இதுல கொஞ்சம் நீட்டி சொல்லப் போறேன்.

ஆட்டத்தோட பிறப்பு பிரான்ஸ்ல. 2008ல வந்துச்சு. உருவாக்குனவர் ஜான்-லூயி ரூபிரா, குழந்தைகளோட மனநலத்துல வேலை பார்த்தவர், முதல் பெட்டிக்கு படம் வரைஞ்சவங்க மரி கார்டுவா, வெளியிட்டது லிபெல்லூட்ங்கிற கம்பெனி. 2010ல ஜெர்மனியோட ஸ்பீல் டெஸ் யாரெஸ் விருது கிடைச்சுது, போர்டு கேம் உலகத்துல பெரிய விருதுன்னா அதுதான். டிக்ஸிட்ங்கிறது லத்தீன் வார்த்தை, 'சொன்னார்'னு அர்த்தம். பேருக்கேத்த மாதிரி ஒருத்தர் ஏதோ சொல்லணும், மத்தவங்க அவர் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கணும், மொத்த ஆட்டமும் இதுதான்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு

84 படக் கார்டு. சாதா சீட்டை விட பெருசு, 8 சென்டிமீட்டருக்கு 12. எழுத்து ஒண்ணுகூட இருக்காது, வெறும் படம், அதுவும் கனவுல வர்ற மாதிரி கோக்குமாக்கான படம். இது போக ஸ்கோருக்கு முயல் பொம்மை, ஓட்டு போட நம்பர் டோக்கன். பழைய பெட்டியில 3 பேர்ல இருந்து 6 பேர் வரைக்கும் ஆடலாம், 2021ல வந்த புது பெட்டியில 8 பேர் வரைக்கும், ஒடிஸினு ஒரு பதிப்பு இருக்கு அதுல 12 பேர். என்னைக் கேட்டா 5 இல்ல 6 பேர்தான் சரியான கூட்டம். நாலு பேர்னா கண்டுபிடிக்கிறது சுலபமா போயிடுது, எட்டு பேர்னா ஒரு ரவுண்டு முடியுறதுக்குள்ள யாராவது எந்திரிச்சு காபி போடப் போயிடுறாங்க.

வாங்காமலே விளையாட

வெளிநாட்டுல இருந்து வர்ற பெட்டி, விலை கொஞ்சம் அதிகம்தான். முதல்ல கையால செஞ்சு விளையாடிப் பாருங்க, பிடிச்சா அப்புறம் வாங்கிக்கலாம். நாங்க ரெண்டு வருஷம் சொந்தமா செஞ்ச கார்டுலதான் ஓட்டுனோம்.

5 பேருக்கு குறைஞ்சது 60 கார்டு வேணும். ஆளுக்கு 6 கையில, அப்ப 30 போயிருது, மிச்சம் 30, ஒரு ரவுண்டுக்கு 5 கார்டு செலவாகும், அதனால 6 தடவை நிரப்பலாம், அதுக்கு மேல போனா பழைய கார்டை கலைச்சுப் போட்டுக்கலாம். பெட்டியில இருக்குற 8க்கு 12 சைஸ் வச்சா ஒரு ஏ4 பேப்பர்ல நாலு கார்டுதான் வரும். 7க்கு 10 வச்சு பேப்பரை படுக்க வச்சு வெட்டுனா எட்டு வரும், ஆக எட்டு பேப்பர்ல 64 கார்டு. ஜெராக்ஸ் கடையில 300 ஜிஎஸ்எம் அட்டைன்னு கேளுங்க, அதுல கலர் பிரிண்ட் போட்டு அவங்களையே கட்டர்ல வெட்டித் தரச் சொல்லுங்க, கத்திரிக்கோல்ல வெட்டுனா ஒவ்வொண்ணும் ஒரு அளவுல வரும், அப்புறம் கலைக்கும்போது கோணல்மாணலா நிக்கும்.

படத்துக்கு எங்க போறது? பழைய மாத காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், புள்ளைங்க வரைஞ்ச படம், எல்லாத்தையும் போன்ல ஸ்கேன் பண்ணி வச்சுக்கலாம். புள்ளைங்க படம் ரொம்ப நல்லா வேலை செய்யுது, ஏன்னா அது நாயா குதிரையான்னு அவங்களுக்கே தெரியாது. இப்ப ஏஐல கேட்டா நிமிஷத்துல நூறு படம் குடுக்குது, நாங்களும் ஒரு கட்டு அப்படி செஞ்சோம், ஆனா எல்லாம் ஒரே பளபளப்பு, ஒரே சாயங்கால வெளிச்சம், கையில ஆறு கார்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு. கலந்து வைங்க.

படத்தை தேர்ந்தெடுக்குறப்ப ஒண்ணு கவனிங்க, ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்குற படம் வேண்டாம். வெறும் மாம்பழம் படம்னா அதுக்கு என்ன க்ளூ சொன்னாலும் மாம்பழம்தான். மாம்பழத்துக்குள்ள கதவு இருக்கு, கதவுக்கு வெளிய ஒருத்தர் செருப்பை கழட்டிட்டு நிக்கிறார்னா அது கார்டு. சினிமா ஸ்டில் வேண்டாம், படத்தோட பேர்தான் வாய்ல வரும். சாமி படமும் வேண்டாம், யாரும் அதை வச்சு கிண்டலா க்ளூ சொல்ல மாட்டாங்க, சொன்னா பெரியவங்க முகம் மாறிடும்.

இன்னொண்ணு, பின்பக்கம் எல்லா கார்டும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு கறைகூட இருக்கக் கூடாது. எங்க கட்டுல ஒரு கார்டுக்குப் பின்னாடி சாம்பார் பட்டு மஞ்சளா ஒரு வட்டம் விழுந்துருச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த கார்டு யார் கையில இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அது கீழ வந்தா யாரும் அதுக்கு ஓட்டே போட மாட்டாங்க. நாலு ரவுண்டு கழிச்சுதான் என் தம்பி வாயைத் தொறந்தான், "அண்ணே, சாம்பாரை யாராச்சும் மாத்துங்கண்ணே"ன்னு.

ஸ்கோருக்கு பரமபத அட்டை இருந்தா ரொம்ப வசதி, பாம்பு ஏணியை கண்டுக்காம முதல் 30 கட்டத்தை மட்டும் எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு புளியங்கொட்டை, பட்டன், சோழின்னு நகர்த்துங்க. ஓட்டு போட துண்டுச்சீட்டுல 1ல இருந்து 6 வரைக்கும் எழுதி ஆளுக்கொரு செட் குடுத்துருங்க. விரலைக் காட்டி ஓட்டு போடலாம்னு ஆரம்பத்துல நெனச்சோம், சரிப்படல. எங்க மாமா எப்பவும் அரை செகண்ட் லேட்டா காட்டுவார், மத்தவங்க விரலைப் பார்த்துட்டு தன் விரலை மடக்குவார். துண்டுச்சீட்டுன்னா அந்த வேலை நடக்காது.

ஒரு ரவுண்டு எப்படி போகும்

ஆளுக்கு 6 கார்டு, தன் கார்டை தான் மட்டும் பார்க்கணும். முதல்ல யாருக்கு க்ளூ தோணுதோ அவங்கதான் முதல் ரவுண்டுக்கு கதைசொல்லி, அதுக்கப்புறம் கடிகாரம் சுத்துற பக்கமா ஒவ்வொருத்தருக்கும் முறை வரும்.

கதைசொல்லி தன் கையில இருந்து ஒரு கார்டை மனசுக்குள்ள எடுத்துக்கிட்டு அதுக்கு ஒரு க்ளூ சத்தமா சொல்லணும். ஒரு வார்த்தையா இருக்கலாம், வாக்கியமா இருக்கலாம், பழமொழி, ஒரு சத்தம், ராகம் இழுக்குறது, எது வேணா. சொல்லிட்டு கார்டை கவுத்து வைக்கணும்.

மத்தவங்க ஒவ்வொருத்தரும் அந்த க்ளூவுக்கு தன் கையில எந்தப் படம் கிட்ட வருதோ அதை எடுத்து, யாருக்கும் காட்டாம கவுத்து கதைசொல்லிகிட்ட குடுக்கணும். அவர் எல்லாத்தையும் தன்னோடதோட சேர்த்து நல்லா கலைச்சு நிமித்தி வரிசையா வைப்பார், இடது பக்கத்துல இருந்து 1, 2, 3. இப்ப மத்தவங்க எது கதைசொல்லியோட கார்டுன்னு ரகசியமா ஓட்டு போடணும். தன் கார்டுக்கு தானே போடக் கூடாது, கதைசொல்லிக்கு ஓட்டு கிடையாது. எல்லாரும் சீட்டை கவுத்து வச்சதும் ஒரே நேரத்துல தொறக்கணும்.

பாயிண்டுதான் முதல் தடவை குழப்பும், நிதானமா படிங்க. எல்லாரும் சரியா கண்டுபிடிச்சுட்டாலோ, இல்ல ஒருத்தர்கூட கண்டுபிடிக்கலைனாலோ, கதைசொல்லிக்கு முட்டை, மத்த எல்லாருக்கும் ஆளுக்கு 2. சில பேர் கண்டுபிடிச்சு சில பேர் கோட்டை விட்டா, கதைசொல்லிக்கு 3, கண்டுபிடிச்சவங்களுக்கும் ஆளுக்கு 3. இது போக கதைசொல்லி இல்லாத ஆளோட கார்டுக்கு தப்பா எத்தனை ஓட்டு விழுந்துச்சோ, ஓட்டுக்கு 1 பாயிண்ட் அந்த கார்டுக்காரருக்கு. முடிஞ்சதும் எல்லாரும் ஒரு கார்டு எடுத்து மறுபடி ஆறாக்கிக்கணும்.

உதாரணத்துக்கு எங்க வீட்ல நடந்த ஒரு ரவுண்டு. அஞ்சு பேர்: அம்மாச்சி, மாமா, மதினி, தம்பி, நான். அம்மாச்சி கையில இருந்த கார்டு, மொட்டை மாடியில ஒரு பையன் பூட்டுன பெட்டி மேல உக்காந்து கிழிஞ்ச காத்தாடியை மடியில வச்சிருக்கான். அவங்க சொன்ன க்ளூ, "தீபாவளிக்கு மறுநாள்." சொல்லிட்டு வெத்தலையை மடிச்சு வாய்ல போட்டுக்கிட்டாங்க, முகத்துல ஒண்ணுமே தெரியல.

நான் அணைஞ்ச மெழுகுவத்தி புகையுற கார்டை போட்டேன். மாமா காலி நாற்காலிங்க வரிசையா இருக்க கீழ பூ சிதறிக் கிடக்குற கார்டு. தம்பி தூங்குற யானை. மதினி மழையில நனைஞ்ச தெரு. எல்லாம் நிமிந்ததும் எனக்கு காலி நாற்காலிதான் தீபாவளிக்கு மறுநாள்னு அடிச்சு சொல்லுச்சு, அதுக்கே போட்டேன். மாமா என் மெழுகுவத்திக்கு போட்டார். மதினியும் தம்பியும் பையன் கார்டுக்கு போட்டாங்க. ஆக அம்மாச்சிக்கு 3, மதினிக்கு 3, தம்பிக்கு 3, மாமா போட்ட ஓட்டால எனக்கு 1, நான் போட்ட ஓட்டால மாமாவுக்கு 1. "எப்படிடி கண்டுபிடிச்ச"ன்னு மாமா கேட்டதுக்கு மதினி, "மறுநாள் ஊருக்கு கெளம்புறப்ப உங்க முகம் அப்படித்தான இருக்கும்"னாங்க.

அதே ரவுண்டுல நாலு பேரும் கண்டுபிடிச்சிருந்தா அம்மாச்சிக்கு ஒண்ணும் இல்ல, எங்களுக்கு ஆளுக்கு 2. ஒருத்தருமே கண்டுபிடிக்கலைனாலும் அம்மாச்சிக்கு ஒண்ணும் இல்ல, எங்களுக்கு 2, அதோட தப்பா விழுந்த ஓட்டுக்கான 1, 1ம் தனியா சேரும்.

க்ளூ சொல்றதுல இருக்கு வித்தை

பாயிண்டு கணக்கை திரும்ப பாருங்க, ரொம்ப சுலபமா சொன்னாலும் முட்டை, ரொம்ப கஷ்டமா சொன்னாலும் முட்டை. பாதி பேருக்கு புரியணும், பாதி பேருக்கு புரியக் கூடாது. புதுசா விளையாடுறவங்க எல்லாரும் இந்த ரெண்டு பக்கத்துல ஒண்ணுலதான் விழுவாங்க.

ஒரு கார்டு எடுத்துக்குவோம். பெரிய மீனோட வயித்துக்குள்ள ஒருத்தர் அரிக்கேன் விளக்கு வச்சுக்கிட்டு புத்தகம் படிச்சுட்டு இருக்கார். "மீன்"னு சொன்னா முடிஞ்சுது, எல்லாரும் போட்டுருவாங்க. "படிப்பு"ன்னாலும் அதே கதைதான், புத்தகம் கண்ணு முன்னாடி இருக்கு. "செவ்வாய்க்கிழமை"ன்னா ஒருத்தனுக்கும் எட்டாது, ஏன் செவ்வாய்க்கிழமைன்னு நீங்க விளக்கம் வேற சொல்லணும். "ஹாஸ்டல்"னு சொல்லிப் பாருங்க. ஹாஸ்டல்ல இருந்தவன் உடனே பிடிச்சுக்குவான், இருட்டு, தனிமை, பரீட்சை, ஏதோ ஒரு வயித்துக்குள்ள மாட்டிக்கிட்ட உணர்ச்சி. வீட்ல இருந்தே படிச்சவன் யாராவது போட்ட கூண்டு கார்டுக்கோ, நீள வராண்டா கார்டுக்கோ போயிடுவான். அதான் நமக்கு வேணும்.

இதுல இருந்து நான் பழகிக்கிட்டது, படத்துல இருக்குற பொருளை சொல்லாம அதைப் பார்த்ததும் மனசுல என்ன வருதோ அதை சொல்றது, அதையும் நேரா சொல்லாம ஒரு படி தள்ளி சொல்றது. மீன் வயிறு, அதுல இருந்து தனிமை, தனிமையில இருந்து ஹாஸ்டல். ரெண்டு படி தள்ளுனா செவ்வாய்க்கிழமை ஆயிடும், அங்க போகாதீங்க.

தமிழ்ல விளையாடுறப்ப நமக்கு ரெண்டு ஆயுதம் கூடுதலா இருக்கு. ஒண்ணு பழமொழி. ஆனா நேரா பயன்படுத்தக் கூடாது. யானை இருக்குற கார்டுக்கு "யானைக்கும் அடி சறுக்கும்"னா அது க்ளூவே இல்ல, காட்டிக் குடுக்குறது. அதையே படி ஒடிஞ்ச ஏணி கார்டுக்கு சொல்லுங்க. கையில யானை வச்சிருக்குறவன் அவசரப்பட்டு யானையை இறக்குவான், யோசிக்காதவன் அந்த யானைக்கே ஓட்டும் போடுவான், கொஞ்சம் நிதானமானவன் ஏணியைப் பார்ப்பான். கூட்டத்தை ரெண்டா பிரிக்கிற வேலையை பழமொழியே செஞ்சு குடுத்துரும்.

ரெண்டாவது இரட்டைக்கிளவி. ஸ்கூல்ல இலக்கணத்துல படிச்சோமே, சலசல, மொறுமொறு, திருதிரு, நைநை, அதேதான். ஒரே வார்த்தை, ஆனா சத்தமும் இருக்கு, உணர்ச்சியும் இருக்கு, எந்தப் பொருள்னு மட்டும் சொல்லாது. காஞ்ச இலை மேல ஒரு கிழவர் நடக்குற கார்டுக்கு "மொறுமொறு"ன்னு சொன்னாங்க எங்க மதினி, தம்பிக்கு முறுக்கு ஞாபகம்தான் வந்துச்சு, சாப்பாட்டுத் தட்டு இருந்த கார்டுக்கு ஓட்டு போட்டுட்டு உண்மை தெரிஞ்சதும் முழிச்சான் பாருங்க, அது திருதிரு. "நைநை"யை நான் இடியாப்பச் சிக்கல் மாதிரி நூல் சுத்திக் கிடக்குற கார்டுக்கு சொல்லி மூணு பாயிண்ட் வாங்கிருக்கேன்.

இப்ப கொஞ்சம் கள்ளத்தனமான கணக்கு. சில பேர் கண்டுபிடிச்சா உங்களுக்கு 3, ஆனா கண்டுபிடிச்ச ஒவ்வொருத்தருக்கும் 3. ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் உங்களுக்கு 3தான், மூணு பேர் கண்டுபிடிச்சாலும் 3தான். அப்ப ஜெயிக்கணும்னா ஒரே ஒருத்தருக்கு மட்டும் புரியுற க்ளூ சொல்லணும், அந்த ஒருத்தர் ஸ்கோர்ல கடைசியில இருக்குற ஆளா இருந்தா இன்னும் விசேஷம். யாருக்கு குறி வைக்கிறோம்னு முடிவு பண்ணிட்டு அவங்க வாழ்க்கையில இருந்து ஒரு வார்த்தை எடுங்க. இதுக்கு எதிரா ஒரு எச்சரிக்கையும் இருக்கு. புருஷன் பொண்டாட்டி, ரூம்மேட், ஒரே ஆபீஸ்காரங்க, இவங்க ரெண்டு பேருக்குள்ள மட்டும் ஓடுற ஜோக்கை ஒவ்வொரு ரவுண்டும் க்ளூவா சொன்னா மத்தவங்களுக்கு கடுப்பாயிடும். ஒரு தடவை எங்க சொந்தத்துல புதுசா கல்யாணம் ஆன ஜோடி, "ஊட்டி, ரூம் நம்பர்" அப்படி இப்படின்னு ஆரம்பிச்சாங்க, பெரியப்பா கார்டை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். அதுல இருந்து எங்க வீட்டு ரூல், ரெண்டு பேருக்குள்ள நடந்ததை ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

கதைசொல்லி இல்லாதப்ப

இதை நிறைய பேர் அலட்சியமா விடுறாங்க, கையில இருக்குறதுல ஏதோ ஒண்ணை தூக்கிப் போடுறாங்க. உங்க கார்டுக்கு விழுற ஒவ்வொரு ஓட்டும் ஒரு பாயிண்ட்ங்க. க்ளூவுக்கு அப்படியே பொருந்துற கார்டை போட்டா சில சமயம் வேலைக்காகாது, "இவ்வளவு நேரா இருக்கே, கதைசொல்லி இப்படி சொல்ல மாட்டாரே"ன்னு சந்தேகம் வந்துரும். கதைசொல்லி எப்படிப்பட்ட ஆளுன்னு பார்த்து அவர் எடுக்குற மாதிரி கார்டா போடுங்க. எங்க மாமா க்ளூ எப்பவும் நேரா இருக்கும், அவர் முறையில நான் நேரான கார்டு போடுவேன். அம்மாச்சி முறையில சோகமான கார்டு.

ஓட்டு போடுறப்பவும் அதே. "க்ளூவுக்கு எது பொருந்துது"ன்னு கேக்காதீங்க, "இவங்க எதைப் பார்த்து இதை சொல்லிருப்பாங்க"ன்னு கேளுங்க. கையில பொருந்துற மாதிரி எதுவுமே இல்லைன்னா, பலநாளா தேங்கிக் கிடக்குற கார்டை தள்ளிவிட இதுதான் நேரம்.

கெடுக்குற விஷயங்க

கார்டை நிமித்துன உடனே யாராவது ஒருத்தர் "அய்யோ இது நல்லா இருக்கே"ன்னு தன் கார்டையே பார்த்து சொல்லுவார், இல்ல "இது என்னோடது இல்லப்பா"ம்பார். ஓட்டு தொறக்குற வரைக்கும் வாய் தொறக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிருங்க. கதைசொல்லி தன் கார்டை பார்க்காம இருக்கப் பழகணும், எல்லா கார்டையும் ஒரே மாதிரி ஒரு சுத்து பார்த்துட்டு விட்டத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்துருங்க. பெரியவங்க இருந்தா கார்டை தரையில பரப்பாம கட்டில் மேலயோ ஸ்டூல் மேலயோ வைங்க, கண்ணாடி எங்கன்னு முதல்லயே கேட்டுருங்க, டியூப்லைட் வெளிச்சம் பட்டு கண்ணு கூசுற வழவழ அட்டை வேண்டாம்.

மூணு பேர்தான் இருக்கீங்கன்னாலும் ஆடலாம். கையில 7 கார்டு வச்சுக்கோங்க, கதைசொல்லி ஒண்ணு போட மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு போடணும், அப்ப அஞ்சு கார்டு கீழ வரும். சின்னப் புள்ளைங்க இருந்தா பெரியவங்களோட ஜோடியா உக்கார வைங்க, காதுல குசுகுசுன்னு பேசி க்ளூ முடிவு பண்ணட்டும், ஆனா வெளிய சொல்றது புள்ளையா இருக்கட்டும். பெரியவங்களை விட அதுங்க சொல்ற க்ளூ சரியா நடுவுல விழுது.

முதல்ல 30 தொட்டவங்க ஜெயிச்சாங்க. பழைய பெட்டி ரூல்ல கார்டு கட்டு தீருற வரைக்கும் ஆடி, யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்க, எது வேணா வச்சுக்கலாம். அஞ்சாறு பேர்னா அரை மணியில இருந்து முக்கால் மணி நேரம் ஆகும். நாங்க 30 வந்ததும் நிறுத்துறதே இல்ல, அம்மாச்சி "இன்னும் எனக்கு ஒரு முறை பாக்கி"ம்பாங்க. அந்த சாம்பார் கார்டு இப்ப ஆட்டத்துல இல்ல, அதோட பின்பக்கத்துலதான் ஸ்கோர் எழுதுறோம்.